கண் இரண்டு தவிர

பிள்ளை படிக்கவில்லையென்றால் பெற்றோர் பொறுப்பா, ஆசிரியர் பொறுப்பா என்கிற கேள்வி எல்லாக் காலத்துக்கும் பொதுவானதுபோல் தோற்றம் தருகிறது. பட்டிமன்றக்காரர்களுக்கு அது வற்றாத ஊற்றாக இருப்பதும் இதனால்தான். ஆனால் இந்தக் கேள்விக்கு ஒரு சரித்திரம் உண்டு. இந்த இரண்டு பேரும் எதிரெதிராக நிறுத்தப்பட்டது ஒன்றரை நூற்றாண்டுக்குச் சற்று முன்னால்தான். நிறுத்தியது மூன்றாவது தரப்பு ஒன்று. அதன் கை எங்கே இருக்கிறது என்று பார்ப்பதே இங்கே என் நோக்கம்.

திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளையை விடும்போது தகப்பன் வாத்தியாரிடம் சொல்வதாக ஒரு பேச்சு நம்மிடையே வழங்குகிறது: கண் இரண்டைத் தவிர மற்றதெல்லாம் உங்களுடையது, தோலை உரித்தாலும் சரி. இதைக் கொடூரம் என்று மட்டும் எடுத்துக்கொண்டு நாம் நகர்ந்துவிடுகிறோம். கொடூரம்தான், கோதண்டத்தில் தொங்கவிடப்பட்ட பிள்ளைக்கு அதில் சந்தேகம் இருந்திருக்காது. ஆனால் அது ஒரு ஒப்பந்தமும் கூட. தகப்பன் தன் அதிகாரத்தை முழுசாகக் கைமாற்றிக் கொடுத்துவிடுகிறான். வாத்தியாரோ அந்தத் தகப்பன்மார் கொடுக்கிற காசிலும் தானியத்திலும் ஜீவிக்கிறார். எண்சுவடி மனப்பாடமாகிற வரை பிள்ளை திண்ணையில் இருக்கும். ஆகாத பிள்ளை ஒருநாள் மாட்டுக்குப் பின்னால் போய்விடும். அதற்குத் 'தோல்வி' என்று பெயரில்லை. தோல்வி என்ற பெயரே இல்லாத இடத்தில் அதற்கு யார் பொறுப்பு என்ற கேள்வியும் எழாது.

இதைச் சொல்வது திண்ணையைப் பொற்காலமாக்குவதற்காக அல்ல. 1822ல் கவர்னர் தாமஸ் மன்றோ கலெக்டர்களிடம் பள்ளிக் கணக்குக் கேட்டார். 1826ல் அவர் எழுதிய குறிப்பில் தொகை வருகிறது: மாகாணத்தில் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள், ஜனத்தொகை 1,28,50,941. 1983ல் தரம்பால் இந்த ஆவணங்களைத் தொகுத்துப் புத்தகமாக்கியபோது, வெள்ளைக்காரன் வருமுன்பே நாம் படித்த சமூகம் என்று பலர் மகிழ்ந்தார்கள். நான் நின்றுபோவது அதே குறிப்பிலுள்ள வேறு இரண்டு தகவல்களில். ஒன்று: சென்னைப் பட்டணத்தில் வீட்டிலேயே கற்றவர்கள் 26,963 பேர், பள்ளியில் கற்றவர்களைப் போல ஐந்து மடங்குக்கும் மேல். இன்னொன்று: சில வகுப்புகளில் ஏறக்குறைய எல்லோரும் கற்கிறார்கள், சிலவற்றில் பத்தில் ஒருவர்கூட அரிது. அதாவது பெரிய பள்ளிக்கூடமாக இருந்தது வீடு. எந்த வீடு என்பதை நான் சொல்லவேண்டியதில்லை.

அதே விசாரணைக்குப் பதிலாக 1823ல் பெல்லாரி கலெக்டர் காம்ப்பெல் எழுதிய அறிக்கை இன்னும் வெளிப்படையானது. ஏறத்தாழப் பத்து லட்சம் ஜனங்களில் ஏழாயிரம் பேர்கூடப் பள்ளியில் இல்லை. காரணம் ஏழ்மை; பிஞ்சுக் கை கால் வேலைக்கு உதவுகிற பருவம் வந்ததும் பிள்ளை நின்றுவிடுகிறது. சீமைத் துணியின் வரவால் நெசவாளர் பிழைப்பு நசிந்ததையும் அவர் சேர்த்தே எழுதுகிறார். பெற்றோரை அவர் குற்றவாளியாக்கவில்லை, வாத்தியாரையும் ஆக்கவில்லை. கும்பெனி உத்தியோகஸ்தர் ஒருவர் கும்பெனியின் பக்கமே விரலை நீட்டியது அபூர்வமான காரியம்.

அந்த விரலைத் திருப்பிவிட்டது 1860களின் இங்கிலாந்து. 1862ல் ராபர்ட் லோ கொண்டுவந்த திருத்த விதிப்படி, மானியத்தில் பெரும்பகுதி பிள்ளை பரீட்சையில் தேறுவதைப் பொறுத்தது. வாசிப்பு, எழுத்து, கணக்கு என்ற மூன்றில் ஒன்றில் தவறினால் தலைக்கு 2 ஷில்லிங் 8 பென்ஸ் வெட்டு. நம் விமர்சனக் கட்டுரைகளில் அடிக்கடி வந்துபோகிற மாத்யூ ஆர்னால்ட், 35 வருஷம் பள்ளி இன்ஸ்பெக்டராக ஜீவனம் நடத்தியவர். வாசிக்கத் தெரியாமலே பிள்ளைகளை வாசிப்புப் பரீட்சையில் தேறவைத்துவிட முடிகிறது என்று அவர் அறிக்கை எழுதினார். அவருடைய கவிதைக் கொள்கையைவிட இந்த வரி எனக்கு முக்கியமானதாகப் படுகிறது.

அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் இதே முறை சென்னை மாகாணத்துக்கும் வந்து, திண்ணை வாத்தியாரையும் தன் வலைக்குள் இழுத்தது. இனி அவருடைய கூலி தகப்பன் தருகிறது மட்டுமல்ல. இன்ஸ்பெக்டர் வருகிற நாளில் பிள்ளை ஒப்பிக்கிறதும் ஆகும். அன்றைக்கு ஒரு பிள்ளை அறுப்புக்குப் போயிருந்தால் வாத்தியார் வயிற்றில் அடி. 'வீட்டில் கவனிப்பதில்லை' என்ற வாக்கியம் பிறந்திருக்கக்கூடிய இடம் இதுதான் என்று நினைக்கிறேன். பழைய ஒப்பந்தம் முறிந்தது. இருவரும் பரஸ்பரம் குற்றம் சாட்டிக்கொள்ள ஏற்பாடாயிற்று. மானியம் தருகிற கை மட்டும் நீதிபதி ஆசனத்தில் உட்கார்ந்துகொண்டது.

பெற்றோர் பொறுப்பு என்பது உச்சகட்டமாகக் கௌரவிக்கப்பட்டது 1953ல், ராஜாஜியின் ஆரம்பக் கல்வித் திட்டத்தில். கிராமப் பள்ளியில் தினம் மூன்று மணி நேரம் படிப்பு. மீதி நேரம் தகப்பனிடம் தொழில். காந்தியின் ஆதாரக் கல்வியின் நிழல் இதில் இருந்தது என்பதை மறுக்கவேண்டாம். ஆனால் அதே கட்டடத்தில், அதே ஆசிரியரைக் கொண்டு, இரண்டு ஷிப்டில் இரண்டு மடங்குப் பிள்ளைகளைச் சமாளிக்கலாம் என்கிற கணக்கும் இருந்தது. கஜானா காலி என்பது தகப்பனே குரு என்ற பாஷையில் சொல்லப்பட்டது. தகப்பன் மலம் அள்ளுகிறவனாக இருந்தால் அந்தக் குருகுலத்தில் பாடம் என்ன? பெரியார் இதைக் குலக்கல்வி என்றார், தி.மு.க. போராடியது, காங்கிரசுக்குள்ளேயே எதிர்ப்பு மூண்டது. 1954ல் ராஜாஜி பதவி விலகினார். காமராஜ் மந்திரிசபை திட்டத்தைக் கைவிட்டது.

1956ல் அதே அரசாங்கம் பள்ளியில் சோறு போட ஆரம்பித்தது. இதன் அர்த்தத்தை நம் கல்விக் கட்டுரைகள் போதுமான அளவு பேசவில்லை. சோற்றுக்காக வருகிறார்கள் என்று கேலி செய்தவர்கள் அறியாமலே உண்மையைச் சொன்னார்கள். பசிக்கிற பிள்ளை பாடத்தில் நிற்காது என்ற சாதாரண விஷயத்துக்குத் தகப்பனும் பொறுப்பல்ல, வாத்தியாரும் பொறுப்பல்ல என்று ஒரு அரசாங்கம் ஒப்புக்கொண்ட தருணம் அது. 1982ன் சத்துணவும், 2022ன் காலை உணவும் அந்த ஒப்புதலின் நீட்சிகள்.

ஒப்புதல் முழுமையானதல்ல. 2002ல் அரசியல் சட்டத்தின் 86வது திருத்தம் ஆறிலிருந்து பதினான்கு வயதுவரை கல்வியை அடிப்படை உரிமையாக்கியது. அதே திருத்தம், அந்த வயதுப் பிள்ளைக்குக் கல்விக்கான வாய்ப்பைத் தருவது பெற்றோரின் கடமை என்றும் சேர்த்துக்கொண்டது. ஒரு கையால் கொடுத்தது, மறு கையால் ரசீது கேட்கிறது. மதிப்பெண் அட்டையில் பெற்றோர் கையெழுத்துக்கென்று விட்ட கோட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்தறிந்த வீட்டை அனுமானித்துப் போடப்பட்ட கோடு அது. அதன்மேல் கைநாட்டு வைக்கிற தாய் ஏற்கெனவே பாதிக் குற்றவாளி.

நம் எழுத்தாளர்களின் தன்வரலாறுகளில் ஒரு பிரிவினை இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. புத்தகம் இருந்த வீட்டிலிருந்து வந்தவர்கள் அப்பாவையோ தாத்தாவையோ எழுதுகிறார்கள். புத்தகம் இல்லாத வீட்டிலிருந்து வந்தவர்கள் ஒரு வாத்தியாரை எழுதுகிறார்கள். பொறுப்பு யாருடையது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சியம் எனக்குக் கிடைக்கவில்லை. வீடு சொல்லித்தர முடிந்த பிள்ளைக்கு அந்த 26,963 பேரைப் போலப் பள்ளி இல்லாமலும் கற்க முடிந்திருக்கும். பள்ளிக்கூடம் என்ற ஸ்தாபனத்துக்கு நியாயம் இருக்குமானால் அது மற்றப் பிள்ளையை முன்னிட்டுத்தான். அந்தப் பிள்ளையைப் பார்த்து 'வீட்டில் கவனிப்பதில்லை' என்று சொல்கிற ஆசிரியர், தன் வேலை எதற்காக ஏற்பட்டதோ அதையே புகாராக எழுதிக்கொண்டிருக்கிறார். அவரை அப்படி எழுதவைத்த மானியக் கணக்கை முதலில் விசாரிக்கவேண்டும். பிறகு அவரை விசாரிக்கலாம். பெற்றோரின் முறை வருகிறபோது, நாம் கையில் வைத்திருக்கிற கேள்விகளில் பல மிஞ்சியிருக்காது.