ஈத்தூண்டிலும் சாரணச் சிறுவனும்: ஒரு வரலாற்று நோக்கு

மனிதன் கைக்கொண்ட தொழில்களுள் மீன்பிடி மிகத் தொன்மையானது. உணவு தேடும் தேவையிற் பிறந்த அத்தொழில், காலப்போக்கிற் சில சமூகங்களில் விளையாட்டாகவும், பின்னர் இளைஞர்க்குரிய கல்வியாகவும் மாற்றமுற்றது. இம்மாற்றத்தினை விளங்கிக்கொள்வதற்கு ஈத்தூண்டில் முறை தக்கதோர் எடுத்துக்காட்டாகும். இங்கிலாந்தில் நிலவுடைமையாளரின் பொழுதுபோக்காக வளர்ந்த ஒரு கலை அமெரிக்கச் சாரணச் சிறுவனின் கைக்கு எவ்வாறு வந்தது, வந்தபின் அதன் நோக்கம் எவ்வாறு மாறியது என்பன இக்கட்டுரையில் ஆராயப்படுகின்றன.

முதற்கண் இம்முறையின் தன்மையை அறிதல் வேண்டும். ஏனைய தூண்டில் முறைகளில் இரையின் பாரமோ ஈயக்குண்டின் பாரமோ நூலை இழுத்துச் செல்லும். ஈத்தூண்டிலிலோ இரை என்பது இறகும் நூலும் சுற்றிய சிறு முள்ளேயாகும், அதற்குப் பாரமில்லை. எனவே நூலே பாரமுடையதாகச் செய்யப்படுகின்றது. தடியைப் பின்னே வீசி, நூல் முதுகுப்புறத்தே நீளும்வரை ஒரு கணம் பொறுத்து, பின் முன்னே வீசும்போது, வளைந்து நிமிரும் தடியின் விசை நூலைக் கொண்டுசெல்கின்றது. அந்த ஒரு கணப் பொறுமையே இக்கலையின் உயிர்நிலை. அவசரப்படுபவனின் நூல் அவன் காலடியிலேயே குவிந்துவிடும். வீச்சுக் கைவந்த பின்னரும், அந்நேரத்தில் ஆற்றின்மீது பறக்கும் பூச்சி எது, மீன் உண்பது எதனை என்று அறியாதவனுக்கு மீன் அகப்படுவது அரிது. உடற்பயிற்சியும் இயற்கை அவதானிப்பும் இவ்வாறு ஒன்றிணைவதே சாரணர் கல்வியில் இக்கலை இடம்பெற வாய்ப்பளித்தது.

இம்முறை பற்றிய பழைய சான்று கி.பி. 200ஆம் ஆண்டளவில் வாழ்ந்த உரோம எழுத்தாளரான ஈலியனின் நூலிற் காணப்படுகின்றது. மசிடோனிய மக்கள் முள்ளிற் செந்நிறக் கம்பளியைச் சுற்றி, சேவலின் இறகுகளை இணைத்து மீன்பிடித்தனர் என அவர் குறிப்பிடுகின்றார். இங்கிலாந்தில் 1496இல் அச்சேறிய தூண்டிற்கலை நூலொன்று பன்னிரண்டு வகைச் செயற்கை ஈக்களை விவரிக்கின்றது. ஜூலியானா பேர்னர்ஸ் என்னும் துறவுப் பெண்மணி அதனை இயற்றினார் என்பது மரபு, அது உறுதிப்படவில்லை. 1653இல் ஐசாக் வால்ற்றனின் புகழ்பெற்ற நூல் வெளிவந்தது. அதன் 1676ஆம் ஆண்டுப் பதிப்பில் ஈத்தூண்டில் பற்றிய பகுதியைச் சாள்ஸ் கொற்றன் சேர்த்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், தென் இங்கிலாந்தின் சுண்ணக்கல் ஆறுகளில் பிரெடெரிக் ஹல்போர்ட் முதலியோர் மிதக்கும் ஈயினைக் கையாளும் முறையை நுணுக்கமாக வகுத்தனர். ஆயின், அவ்வாறுகளில் மீன்பிடிக்கும் உரிமை பெரும்பாலும் கரையோர நிலவுடைமையாளர்க்கே உரியதாயிருந்தது. கலை நூல்களிற் பரவியபோதும், ஆறு ஏழைச் சிறுவனுக்குத் திறக்கவில்லை.

1907இல் பிரவுன்சித் தீவிற் பரீட்சார்த்த முகாமொன்றை நடத்திய பேடன் பவல், 1908இல் வெளியிட்ட தமது நூலின் வாயிலாகச் சாரணர் இயக்கத்திற்கு வித்திட்டார். அவரும் தூண்டிற்கலையில் ஈடுபாடுடையவர். எனினும், அக்கலையை விரிந்த அளவிற் பாடத்திட்டமாக்கியது அமெரிக்க இயக்கமேயாகும். 1910 பெப்ரவரி 8ஆம் திகதி நிறுவப்பட்ட அவ்வியக்கம், 1911இல் வெளியிட்ட கைந்நூலில் ஐம்பத்தேழு திறமைச் சின்னங்களை வகுத்தது. தூண்டிற்கலை அவற்றுள் ஒன்று.

அச்சின்னத்தைப் பெறுதற்கு விதிக்கப்பட்ட நிபந்தனைகள் இன்று வியப்பளிப்பன. சிறுவன் பத்து இன மீன்களைப் பிடித்துப் பெயர் கூறல் வேண்டும். அவற்றுள் சமனோ ட்றவுட்டோ ஈத்தூண்டிலாலேயே பிடிக்கப்படல் வேண்டும். 8 முதல் 10 அடி நீளமும் 4 முதல் 8 அவுன்ஸ் நிறையும் கொண்டதாய், 60 அடி தூரத்திற்கு ஈயினை வீசவல்ல இணைப்புத் தடியொன்றை அவன் செய்தல் வேண்டும். வட அமெரிக்க நீர்நிலைகளில் வாழும் இருபத்தைந்து இன மீன்களை விவரிப்பதோடு, ஏதேனுமொரு மீனினத்தின் வாழ்க்கையைக் குஞ்சுப் பருவம் முதல் முதிர்ச்சி வரை எடுத்துரைத்தலும் வேண்டும். இந்நிபந்தனைகளில் கைத்தொழில், உடற்றிறன், உயிரியல் ஆகிய மூன்றும் ஒன்றாய் அமைந்துள்ளமை நோக்கற்பாலது. செல்வர் கடையில் வாங்கியதைச் சிறுவன் தன் கையாற் செய்தான் என்பதே இங்கு முக்கியமானது.

ஆயின் அக்காலத்தின் குறையும் இந்நிபந்தனைகளிலேயே புலனாகின்றது. பிடித்த இனங்களின் எண்ணிக்கை கேட்கப்பட்டதேயன்றி, அம்மீன்கள் நாளையும் ஆற்றில் இருக்குமா என்று கேட்கப்படவில்லை. அந்நாட்களில் மீனினங்களைப் புதிய நீர்நிலைகளுக்குக் கொண்டுசெல்வது முன்னேற்றமாகவே கருதப்பட்டது. 1883இல் ஜேர்மனியிலிருந்து அமெரிக்காவுக்கு வந்த பழுப்பு ட்றவுட் முட்டைகளினின்றும் பொரித்த குஞ்சுகள் அடுத்த ஆண்டில் மிச்சிகன் மாநில ஆறொன்றில் விடப்பட்டன. அம்மாநிலத்திற்கே உரிய கிறேலிங் மீனோ, காடழிப்பு, மிகைப்பிடிப்பு, புதிய மீன்களின் போட்டி என்பவற்றால் 1930களில் அங்கு முற்றாக அழிந்தது.

இப்போக்கு ஈழத்தையும் தொட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நுவரெலியாவையும் ஹோட்டன் சமவெளியையும் சார்ந்த குளிர்ந்த ஓடைகளில் ஆங்கிலேயர் ட்றவுட் மீனை வளர்க்கத் தலைப்பட்டனர். இங்கு ஈத்தூண்டில் தோட்டத்துரைமாரதும் அதிகாரிகளதும் பொழுதுபோக்காகவே நிலைபெற்றது. அவ்வோடைகள் பாயும் மலைகளிற் கொழுந்து பறித்த தொழிலாளரின் பிள்ளைகளுக்கு அது எட்டாத உலகம். 1912இல் மாத்தளையிற் சாரணர் இயக்கம் இலங்கையிற் காலூன்றியபோதும் இந்நிலை மாறியதாகக் கூறவியலாது. ஒரே கலை, ஒரு நாட்டிற் சிறுவர்க்குரிய பாடமாகவும், குடியேற்ற நாடொன்றில் ஆள்வோரின் அடையாளமாகவும் ஒரே காலத்தில் விளங்கிற்று.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இரு மாற்றங்கள் நிகழ்ந்தன. ஒன்று கருவியைப் பற்றியது. மூங்கிற் பட்டைகளை ஒட்டிச் செய்த விலையுயர்ந்த தடிக்குப் பதிலாக, இரண்டாம் உலகப் போரின் பின் கண்ணாடி நாரினாலாய தடிகள் வந்தன. பட்டு நூலும் குடல்நாரும் இருந்த இடத்தை நைலோன் தங்கூசி முதலிய செயற்கை இழைகள் பிடித்தன. கருவி மலிந்தது, ஆனால் அதனைத் தானே செய்யும் பயிற்சி குன்றியது. மற்றையது நோக்கத்தைப் பற்றியது. 1939இல் லீ வுல்ப் தமது நூலில், நல்ல மீன் ஒருமுறை மட்டும் பிடிக்கப்படுதற்கு மிக அரியது என்னும் கருத்தை முன்வைத்தார். 1959இல் மிச்சிகனில் ஓ சேபிள் ஆற்றங்கரையில் ட்றவுட் அன்லிமிற்றெட் என்னும் பாதுகாப்பு அமைப்பு தோன்றியது. மீனைக் குளத்திற் பெருக்கி ஆற்றில் விடுவதிலும் ஆற்றையே பேணுவது மேலென்பது அதன் கொள்கை.

இவ்விரு மாற்றங்களின் பின்னர், 2002இல் அமெரிக்கச் சாரணர் இயக்கம் ஈத்தூண்டிலுக்கெனத் தனிச்சின்னம் ஒன்றை ஏற்படுத்தியது. இப்புதிய பாடத்தில் ஈக் கட்டுதல், முடிச்சுக்கள், வீச்சு, பூச்சிகளை இனங்காணல் என்பவற்றோடு, பிடித்த மீனைத் தீங்கின்றி விடுவிக்கும் முறையும் கற்பிக்கப்படுகின்றது. 2019இல் அவ்வியக்கத்தின் சாரணர் பிரிவிற் சிறுமியரும் சேர்க்கப்பட்டனர். ஆங்கிலத்தின் முதல் தூண்டில் நூலை ஒரு பெண்ணுக்கு உரியதாக்கிய மரபினை எண்ணுமிடத்து, இச்சேர்க்கை மிகத் தாமதமானதே.

உண்ணும் நோக்கமின்றி மீனைப் பிடித்து விடுதலும் ஒருவகைத் துன்புறுத்தலே என வாதிடுவோர் உளர். அவ்வாதம் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. பசிக்காக மீன்பிடிப்பவனின் நியாயம் பொழுதுபோக்குக்காரனுக்கு இல்லை. ஆயினும், ஓர் ஆற்றில் எப்பூச்சி எப்போது பிறக்கின்றது என்று அறிந்த சிறுவனே அவ்வாறு நஞ்சூட்டப்படும்போது முதலில் உணர்வான் என்பதும் உண்மை. பிடித்த மீன்களை எண்ணச் சொன்ன 1911ஆம் ஆண்டின் பாடம், மீனைத் திரும்ப நீரில் விடக் கற்பிக்கும் பாடமாக வளர்வதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு சென்றது. அதற்குள் ஓர் இனம் தன் சொந்த ஆறுகளினின்றும் மறைந்துவிட்டது. இளைஞர்க்குத் திறன்களைக் கற்பிக்க முனையும் எவரும் அத்திறன் எதன்மீது செலுத்தப்படுகின்றது என்பதையும் உடன் கற்பித்தல் வேண்டும் என்பதே இவ்வரலாறு உணர்த்தும் உண்மையாகும்.