ரிக்ஷா: ஒரு கடன்சொல்லின் வரலாறு

அந்தமான் தலைநகரில் மின்னி பே, ஏபர்டீன் பஜார் என ஆங்கிலேயர் காலப் பெயர்கள் சில இன்றும் வழங்குகின்றன. நகரின் பெயரோ 2024 செப்டம்பரில் போர்ட் பிளேர் என்பதிலிருந்து ஸ்ரீ விஜயபுரம் என மாற்றப்பெற்றது. எதிரேயுள்ள ராஸ் தீவு 2018 டிசம்பர் முதல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸின் பெயரைத் தாங்கியுள்ளது. அத்தீவின் சிதைந்த கட்டடங்களைக் காண வருவோரில் நடக்க இயலாதோரைப் பேட்டரி வண்டிகள் ஏற்றிச் செல்கின்றன. சுற்றுலாத் தலங்களில் ஓடும் இத்தகைய புகையில்லாச் சிற்றூர்திகளுக்கு முன்னோடி ரிக்ஷாவாகும். அச்சொல்லின் வரலாறு மொழிபெயர்ப்பாளரின் கவனத்திற்குரியது.

ஜப்பானிய மொழியில் இதன் மூலவடிவம் 'ஜின்ரிகிஷா'. ஜின் என்பது மனிதர். ரிகி என்பது ஆற்றல். ஷா என்பது வண்டி. டோக்கியோவில் 1870இல் இவ்வண்டியைச் செய்து ஓட்ட அனுமதி வழங்கப்பெற்றது. 1880 அளவில் இது சிம்லாவிற்கும் சிங்கப்பூருக்கும் வந்துசேர்ந்தது. ஆங்கிலத்தில் சொல் குறுகியபோது முதலில் உதிர்ந்தது 'ஜின்' என்னும் உறுப்பேயாகும். இழுப்பவர் வண்டியில் இருந்தார், சொல்லில் இல்லை.

ஆங்கிலத்தின் வழி இக்குறுக்கத்தைப் பெற்ற தமிழ், 'கை', 'சைக்கிள்' என்னும் அடைகளைச் சேர்த்து வகைகளைப் பிரித்தது. பின்னர் வந்த 'ஆட்டோ ரிக்ஷா' பேச்சில் 'ஆட்டோ' எனச் சுருங்கியது. 'தான்' என்னும் பொருளுடைய அடை மட்டும் எஞ்ச, தலைச்சொல்லே மறைந்தது. இலங்கைத் தமிழில் வழங்கும் 'முச்சக்கர வண்டி' சக்கரங்களின் எண்ணிக்கையால் அமைந்த பெயர். எனினும் 'ரிக்ஷாக்காரர்', 'ஆட்டோக்காரர்' என்னும் ஆக்கங்களில், கடன்சொல் இழந்த மனிதரைத் தமிழ் தன் விகுதியால் மீட்டுக்கொண்டது எனலாம்.

சொல்லில் நேர்ந்தது வாழ்விலும் நேராதிருக்க, வண்டி மாறும்போது அதன் உழைப்பாளர் கைவிடப்படாமை வேண்டும். தமிழ்நாட்டில் 1973இல் கைரிக்ஷா ஒழிக்கப்பட்டபோது, இழுத்துவந்தோர்க்குச் சைக்கிள் ரிக்ஷாக்கள் வழங்கப்பட்டன. மகாராஷ்டிரத்தின் மாதேரான் மலையூரில் மோட்டார் வாகனங்களுக்குத் தடை உண்டு. 2003இல் அது சூழல் உணர்திறன் மண்டலமாக அறிவிக்கப்பட்டது. ஆயினும் அங்குப் பயணிகளை மனிதர் இழுத்துச் செல்லும் வழக்கம் நீடித்தது. 2022இல் உச்ச நீதிமன்ற அனுமதியுடன் மின்ரிக்ஷா முன்னோட்டம் தொடங்கியது. கைரிக்ஷாவை ஆறு திங்களுக்குள் நிறுத்துமாறு 2025 ஆகஸ்டில் அதே நீதிமன்றம் ஆணையிட்டது. குஜராத்தின் கேவடியாவில் உள்ள முறையைப் பின்பற்றி, மின்ரிக்ஷாக்களை உண்மையாக ரிக்ஷா இழுத்து வந்தோர்க்கே வாடகைக்கு அளிக்க வேண்டும் என்பதும் அவ்வாணையின் பகுதியாகும்.

இந்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 2015ஆம் ஆண்டுத் திருத்தம் மின்ரிக்ஷாவை 4,000 வாட்டிற்கு மேற்படாத மின்கல ஊர்தி என வரையறுக்கிறது. சட்டமொழிக்கு இது போதும். சுற்றுலா, சூழல் பற்றிய நூல்களை மொழிபெயர்ப்போர்க்கு இது போதாது. 'நீடித்த', 'நிலையான', இலங்கை வழக்கான 'நிலைபேறான' என்னும் நிகரன்களுள் எதனைத் தெரிந்தாலும், நீடிப்பது எது, யாருக்கு என்னும் வினா எஞ்சும். மூலம் வண்டியை மட்டும் பேசுகிறதா, ஓட்டுபவரையும் உளப்படுத்துகிறதா என்பதை ஆய்ந்தே சொல் தெரிதல் வேண்டும். 'ஜின்' உதிர்ந்த வரலாறு இவ்வெச்சரிக்கையை வலியுறுத்துகிறது.