ராமானுஜன் பட்டியலில் விடுபட்ட ஓர் எண்

தனக்குக் கீழே உள்ள எல்லா எண்களையும்விட அதிகக் காரணிகள் கொண்ட எண்களை ராமானுஜன் தேடினார். 12 அப்படிப்பட்டது: 1, 2, 3, 4, 6, 12 என ஆறு காரணிகள், அதைவிடச் சின்ன எண் எதற்கும் ஆறு கிடையாது.

1915-ல் லண்டன் கணிதச் சங்க இதழில் இப்படி 102 எண்களைப் பட்டியலிட்டார். கடைசி எண் 6746328388800. கம்ப்யூட்டர் இல்லாமல் இதன் காரணிகளை எப்படி எண்ணுவது? ஒவ்வொன்றாக வகுக்க வேண்டாம், பகா எண்களாக உடைத்தால் போதும்:

2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19 × 23

ஒவ்வொரு அடுக்கோடும் 1 கூட்டிப் பெருக்குங்க: 7×5×3×3×2×2×2×2×2 = 10080 காரணிகள்.

ஆனா நடுவில் ஓர் எண் விடுபட்டுப்போச்சு: 293318625600. காரணிகள் 5040. அதை 23-ஆல் பெருக்கிப் பாருங்க, பட்டியலின் கடைசி எண்ணே வரும்! அவருடைய தேற்றங்களுக்கு இதனால் ஒரு குறையும் இல்லை. கைக்கணக்கில்தான் ஒன்று நழுவியிருக்கிறது.