பழைய காரின் விலையும் மதிப்பும்

திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், நெய்யாற்றின்கரையைக் கடந்து பாறசாலையை நோக்கிச் செல்வோர் அமரவிளை என்னும் ஊரைக் காண்பர். 1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. அன்றுமுதல் அமரவிளை எல்லைப்புறத்து ஊராயிற்று. இங்கிருந்த விற்பனைவரிச் சோதனைச் சாவடியில் லாரிகள் வரிசையாக நின்று, ஏற்றிவந்த சரக்கின் விலையைச் சீட்டில் காட்டிவிட்டே நகரும். 2017-இல் சரக்கு, சேவை வரி நடைமுறைக்கு வந்தபின் அவ்வழக்கம் ஒழிந்தது. ‘இப்பொருளின் விலை என்ன?’ என்று நெடுங்காலம் நாள்தோறும் கேட்ட ஊர் இது. அதே வினாவைப் பழைய மோட்டார் காரைக் குறித்து எழுப்பினால் விடை என்ன? அதனை இங்கே ஆராய்வோம்.

இச்சாலை மோட்டார் வண்டியின் வரலாற்றில் இடம்பெற்ற சாலையாகும். 1938 பிப்ரவரியில் திருவிதாங்கூர் அரசின் பேருந்துப் போக்குவரத்தை மன்னர் சித்திரைத் திருநாள் தொடங்கிவைத்தார். அரசுப் பேருந்துகள் தொடக்கத்திலேயே ஓடிய தடங்களுள் திருவனந்தபுரம்–கன்னியாகுமரித் தடமும் ஒன்று. அப்பேருந்துகள் ஓடித் தேய்ந்து மறைந்தன. ஓடித் தேய்வதே வண்டியின் இயல்பு. ஆயினும், ஓடியதனாலேயே மதிப்புப் பெற்ற வண்டியும் ஒன்று உண்டு.

சித்திரைத் திருநாளின் இளவலாகிய உத்திராடம் திருநாள் மார்த்தாண்ட வர்மா (1922–2013) மோட்டார் வண்டிகளில் பெருவிருப்புடையவர். 1955-இல் ஜெர்மனியில் செய்யப்பட்ட மெர்சிடிஸ் பென்ஸ் 180 வகைக் கார் ஒன்று அவரிடம் இருந்தது. அதன் பதிவெண் சி.ஏ.என். 42. அதனை வாங்கிய விலை 12,000 ரூபாய் என்றும், அது 23 இலட்சம் மைல் ஓடியது என்றும் கூறுவர். அதற்கு ஈடாகப் புதிய கார்கள் இரண்டினைத் தருவதாக அந்நிறுவனமே முன்வந்தபோதும் அவர் இசையவில்லை என்பதும் பலர் அறிந்த செய்தி. 2022-இல் அக்காரைத் தொழிலதிபர் எம். ஏ. யூசுப் அலிக்கு அன்பளிப்பாக வழங்க அரச குடும்பத்தார் முடிவு செய்தனர்.

அதே 2022-ஆம் ஆண்டு மே 5-ஆம் நாள், அதே நிறுவனம், அதே 1955-ஆம் ஆண்டில் செய்த மற்றொரு கார் ஸ்டுட்கார்ட் நகரில் ஏலத்திற்கு வந்தது. அது 300 எஸ்.எல்.ஆர். என்னும் பந்தயக் காரை அடியொற்றிப் பொறியாளர் ஊலன்ஹௌட் அமைத்தது. உலகில் இத்தகையன இரண்டே உள்ளன. 1955-இல் லெ மான் பந்தயத்தில் எண்பதுக்கு மேற்பட்டோர் மாண்ட கோர விபத்து நிகழ்ந்தது. அவ்வாண்டின் இறுதியில் நிறுவனம் பந்தயங்களிலிருந்து விலகிக்கொண்டது. ஆகவே இவ்வண்டி எந்தப் பந்தயத்திலும் ஓடியதில்லை. அது 13 கோடியே 50 இலட்சம் யூரோவுக்கு, அஃதாவது நம் பணத்தில் ஆயிரம் கோடி ரூபாய்க்கும் மேலாக, விலைபோயிற்று.

ஒன்று ஓடியதனால் போற்றப்பட்டது. மற்றொன்று பந்தயம் காணாமலே பொன்னாயிற்று. இரண்டிற்கும் பொதுவானது யாது? இரும்பும் தோலும் அல்ல. ஐயமின்றி மெய்ப்பிக்கத்தக்க வரலாறே ஆகும். செய்யப்பட்ட எண்ணிக்கை, உடையவர் பெயர், மாற்றப்படாத எஞ்சின், பழுதுபார்த்த சீட்டுகள் ஆகியவற்றையே சந்தை எடைபோடுகிறது. 23 இலட்சம் மைல் என்பதை 57 ஆண்டுகளுக்குப் பங்கிட்டால் நாள் ஒன்றுக்கு 110 மைல் ஆகிறது. இதனைக் கேட்டு நாம் வியக்கிறோம். வணிகரோ ஓட்டக் கணக்கேட்டைக் காட்டுமாறு கேட்பார்.

இனி, ஆதாயம் கருதி இத்தகைய வண்டிகளை வாங்கலாமா? வரலாறு எச்சரிக்கையே செய்கிறது. 1962 முதல் 1964 வரை முப்பத்தாறே செய்யப்பட்ட பெராரி 250 ஜி.டி.ஓ. என்னும் பந்தயக் கார், 1989-இல் ஒரு கோடி டாலருக்கு மேல் விலைபோயிற்று. சில ஆண்டுகளுக்குள் ஜப்பானியப் பணப்பெருக்கு வற்றவே, அதன் விலை பெரிதும் சரிந்தது. பின்னர் 2018-இல் ஒன்று 4 கோடியே 84 இலட்சம் டாலருக்கு விற்றது. இடையில் பொறுக்க இயலாது விற்றவரின் இழப்பை எவரும் பேசுவதில்லை.

நம் நாட்டுக் கணக்கையும் பார்ப்போம். 1955-இல் 12,000 ரூபாயை ஆண்டுக்கு நூற்றுக்கு 7 கூட்டுவட்டியில் இட்டிருந்தால், 2022-இல் அது ஏறத்தாழ 11 இலட்சமாகியிருக்கும். வங்கியில் இட்ட பணத்திற்குக் கொட்டகை வேண்டா, எண்ணெய் வேண்டா, கிடைத்தற்கரிய உதிரி உறுப்புகளும் வேண்டா. பழைய காருக்கு இவையனைத்தும் வேண்டும். இச்செலவையும் சேர்த்து எண்ணினாலன்றி ஆதாயம் இன்னதென்று சொல்லவியலாது.

சட்டமும் கருதத்தக்கது. ஐம்பது ஆண்டு கடந்த வண்டிகளுக்குத் தனிப் பதிவு முறையை இந்திய அரசு 2021-இல் வகுத்தது. பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். அப்பதிவு பத்தாண்டுக்குச் செல்லும். இவ்வாறு பதிவான வண்டியைக் காட்சிக்கும் அணிவகுப்புக்கும் பராமரிப்புக்கும் சாலையில் கொண்டுசெல்லலாம். அன்றாடப் போக்குவரத்துக்கோ வாணிகத்துக்கோ ஓட்டலாகாது.

எல்லைப்புறத்து ஊர்களிலும் பாட்டனார் ஓட்டிய காரைக் கொட்டகையில் வைத்துக்கொண்டு, பழைய இரும்புக்குக் கொடுப்பதா, காப்பதா என்று மயங்கும் குடும்பங்கள் இருக்கலாம். அவர்களுக்கு நாம் கூறுவது ஒன்றே. வண்டியைத் துடைப்பதற்குமுன் காகிதங்களைத் தேடுங்கள். பதிவுப் புத்தகம், வாங்கிய ரசீது, ஒரு பழைய நிழற்படம் ஆகியவை இருந்தால் வண்டிக்கு வாயுண்டு. இல்லையேல் அது ஊமை. விற்பதானாலும் அவற்றோடு விற்பதே அறிவுடைமை.

அரண்மனைக் காரோ ஏலத்திற்கு வரவேயில்லை. இரண்டு புதிய கார்களுக்கு ஈடாகாததை, அன்பளிப்பாக வழங்கவே முடிவாயிற்று. சோதனைச் சாவடியின் சீட்டில் எழுத அதற்கு விலையேதும் இல்லை. எனினும், மதிப்பில்லை என்று எவரேனும் சொல்வரோ?