கிறீன் வைத்தியரும் தமிழ் மருத்துவமும்

அமெரிக்க மிஷனரிமார் 1816ஆம் ஆண்டு முதலாக யாழ்ப்பாணத்துக்கு வரலாயினர். பாடசாலை நிறுவியோர், அச்சியந்திரம் நடத்தியோர், அகராதிக்குச் சொற்றிரட்டியோர் எனப் பலரை நேயர்கள் அறிவர். அவர்தம் வரிசையில் 1847ஆம் ஆண்டு வந்து சேர்ந்தவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் வைத்தியர். பிரசங்க பீடம் அவருக்குப் புகழ் தந்ததில்லை. நோயாளியின் பாயருகிலும், மாணாக்கரின் வகுப்பறையிலும், மொழிபெயர்ப்பு மேசையிலுமே அவருடைய கிறிஸ்தவ ஊழியம் நடைபெற்றது.

கிறீன் 1822ஆம் ஆண்டில் மசச்சூசெற்ஸ் மாகாணத்து வூஸ்ரர் நகரிற் பிறந்தவர்; நியூயோர்க்கிலே மருத்துவம் கற்று 1845இற் பட்டம் பெற்றவர். அவருடைய தமையனார் அன்ட்ரூ ஹஸ்வெல் கிறீன் நியூயோர்க் மாநகரின் அமைப்பையே மாற்றியமைத்த பெருமகன். தம்பியாரும் அந்நகரிலே தங்கியிருந்தால் பொருளும் செல்வாக்கும் தாமே தேடி வந்திருக்கும். அவரோ கப்பலேறி, மாதக்கணக்கிற் கடலிலே கழித்து, யாழ்ப்பாணம் வந்தார். முதலில் வட்டுக்கோட்டையிலும், 1848 முதல் மானிப்பாயிலும் வைத்தியசாலை நடத்தினார்.

வந்த சில காலத்திலேயே அவருக்கு ஓருண்மை புலனாயிற்று. ஒரு வைத்தியர் இராப்பகலாய் உழைத்தாலும் குடாநாட்டு நோயாளர் அனைவரையும் பார்த்து முடியாது. வாந்திபேதி ஒருமுறை பரவினால் கிராமங்கள் வெறுமையாகிய காலம் அது. ஆகவே 1848ஆம் ஆண்டிலேயே இளைஞர் சிலரைச் சேர்த்து மேனாட்டு வைத்தியம் கற்பிக்கத் தொடங்கினார். இலங்கை அரசினர் கொழும்பிலே மருத்துவப் பாடசாலை திறந்தது 1870ஆம் ஆண்டிலேதான் என்பதை இங்கு நினைவிற் கொள்ளுதல் தகும்.

முதல் வகுப்புகள் ஆங்கிலத்திலேயே நடந்தன. வட்டுக்கோட்டைச் செமினரியிற் பயின்ற மாணாக்கருக்கு அம்மொழி இடர் தரவில்லை. இடர் வேறிடத்திலிருந்து வந்தது. ஆங்கிலத்தில் வைத்தியங் கற்றவருக்கு அரசாங்க உத்தியோகம் காத்திருந்தது. நல்ல சம்பளம் கிடைக்கும் ஊர்களை நோக்கி அவர்கள் போயினர். அவர்களைக் குறைகூறுவதற்கில்லை, பெற்றாரும் உற்றாரும் விரும்பியதும் அதுவே. ஆயினும் எந்தக் கிராமத்து ஏழைக்காக அவர்கள் பயிற்றப்பட்டனரோ, அந்த ஏழை முன்போலவே வைத்தியரின்றிக் கிடந்தான்.

கிறீன் இதற்குக் கண்ட பரிகாரம் அவருடைய காலத்தவரை வியப்பிலாழ்த்தியது. வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பிக்கத் துணிந்தார். தமிழிற் கற்றவர் தம் ஊரிலே தங்கி, ஊரவர் கொடுக்கும் சிறு வரும்படியோடு வைத்தியம் செய்வர் என்பது அவர் கருத்து. 1864ஆம் ஆண்டிலே தமிழ் வகுப்பு ஆரம்பமாயிற்று. ஆங்கிலத்தை நாடிய மாணாக்கருக்கு இது உவப்பாயிருக்கவில்லை. விருப்பத்துக்கு இசையாத நன்மையைச் செய்பவனுக்கு நன்றி எளிதிற் கிடைப்பதில்லை. கிறீன் அதனை எதிர்பார்த்ததாகவும் தெரியவில்லை.

கற்பிக்க நூல் வேண்டுமே! தமிழிலே அங்காதிபாத நூலொன்றை அவர் 1852ஆம் ஆண்டிலேயே வெளியிட்டிருந்தார். பின்னர் தம்மிடம் பயின்ற சப்மன், டான்வத் முதலியோரின் துணையோடு பெருநூல்களில் இறங்கினார். இரண வைத்தியம் 1867இல் வந்தது. மனுஷ அங்காதிபாதமும் வைத்தியாகரமும் 1872இல் வந்தன. கெமிஸ்தம் 1875இல் வெளியாயிற்று. எல்லாம் சேர்த்து நாலாயிரம் பக்கத்துக்கு மேற்படும்.

சொல்லாக்கத்திலே அவர் கைக்கொண்ட முறை இன்றைய மொழிபெயர்ப்பாளரும் நோக்கத்தக்கது. முதலில் தமிழிலே சொல் தேடுதல். அங்கே அகப்படாவிடின் வடமொழியை நாடுதல். அதுவும் உதவாவிடின் ஆங்கிலச் சொல்லையே தமிழெழுத்தில் வழங்குதல். நூற்பெயர்களே இதற்குச் சான்று. உடலமைப்பைக் கூறும் கலைக்கு அங்காதிபாதம் என வடமொழி கைகொடுத்தது; இரசாயனத்துக்கோ கெமிஸ்தம் என ஆங்கிலமே தமிழுடை தரித்து வந்தது. உடற்றொழிலைக் குறிக்கும் சுகரணம் என்னும் சொல் பிற்காலத்தில் நிலைக்கவில்லை. நிலைக்காத சொற்களும் அவர் செய்த தச்சுவேலையின் சிராய்களே.

மாணாக்கர் மேனாட்டு உடையும் நடையும் மேற்கொள்வதை அவர் விரும்பவில்லை. கிறிஸ்தவனாவதற்குத் தமிழன் தன் இயல்பை இழக்க வேண்டியதில்லை என்பது அவர் கொள்கை. மருந்து பெற வந்தோரிற் பெரும்பாலோர் சைவராகவே வந்து சைவராகவே வீடு திரும்பினர். அதனால் மருந்தின் அளவு குறையவில்லை.

உடல்நலங் குன்றியமையால் 1873ஆம் ஆண்டிலே கிறீன் தாயகம் திரும்பினார். அதற்குள் அறுபதுக்கு மேற்பட்ட வைத்தியர்களைப் பயிற்றியிருந்தார். அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் தமிழிலே கற்றவர்கள். அவர் போனபின் தமிழ் வகுப்பு நெடுங்காலம் நிலைபெறவில்லை. கொழும்பிலே வளர்ந்த ஆங்கில மருத்துவக் கல்வியே நாடெங்கும் வழக்காயிற்று. நூல்கள் மெல்ல மெல்ல அலமாரிகளுக்குள் ஒதுங்கின. இதனைத் தோல்வி எனக் கூறுவோர் உளர். ஆனால் அந்த வைத்தியர்கள் கையால் உயிர் பிழைத்த கிராமத்தவரைக் கேட்டால் விடை வேறாயிருந்திருக்கும்.

வூஸ்ரருக்குத் திரும்பிய பின்னரும் அவர் தமிழை விடவில்லை. பல்லாயிரம் மைல் தூரத்திலிருந்து மொழிபெயர்ப்புகளைத் திருத்தும் பணியைத் தொடர்ந்தார். மனுஷ சுகரணம் 1883இல் வெளியாயிற்று. அதற்கு மறுவருடம், 1884ஆம் ஆண்டு மே மாதத்திலே, அவர் காலமானார். தமது கல்லறையிலே தமிழருக்கு மருத்துவ ஊழியஞ் செய்தவர் என்பது பொறிக்கப்பட வேண்டுமென விரும்பியிருந்தார், அவ்வாறே பொறித்தனர். மானிப்பாயிலுள்ள வைத்தியசாலை கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலை என அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.