மரித்தோரின் சரீரமும் உரிமச் சட்டமும்: ஒரு வரலாற்று நோக்கு

பெரும்பாக்கத்தில் ஆயர் பணி செய்பவருக்கு இருவகை மரணங்கள் பழக்கமானவை. அடுக்குமாடி இல்லமொன்றில் முதியவர் மரிக்கிறார். அயல்நாட்டிலுள்ள மகன் வந்து சேரும்வரை சரீரம் பதப்படுத்தப்பட்டுக் காத்திருக்கிறது. கூவம் கரையிலிருந்து அகற்றப்பட்டு இங்குள்ள வாரியக் குடியிருப்பில் குடியேற்றப்பட்ட ஏழை, உறவினர் எவருமின்றி அரசு மருத்துவமனையில் மரிக்கிறார். அச்சரீரத்தைக் கேட்பார் இல்லை. மரித்தோரைக் கையாள்வோரின்மீது சட்டம் பொறுப்பைச் சுமத்திய வரலாறு இவ்விரு சரீரங்களையும் தொடுகிறது.

யாக்கோபின் சரீரத்துக்குச் சுகந்தவர்க்கமிடும்படி யோசேப்பு ஆணையிட்டது தன் ஊழியக்காரராகிய வைத்தியருக்கு என்று திருமறை கூறுகிறது (ஆதி. 50:2). நிக்கொதேமு கொண்டுவந்த வெள்ளைப்போளமும் கரியபோளமுமோ யூதரின் அடக்கமுறைக்குரிய மரியாதையாகும் (யோவான் 19:39, 40). முன்னது தேர்ச்சி பெற்றோரின் தொழில். பின்னது அன்பின் பணி.

தற்காலத்தில் இத்தொழில் பெருகியது அமெரிக்க உள்நாட்டுப் போரில் (1861-65). வீழ்ந்த போர்வீரரின் சரீரங்களை வீட்டுக்கு அனுப்ப, பதப்படுத்துவோர் போர்முனைகளில் கூடினர். துயருற்ற குடும்பங்களிடம் அநியாய விலை கேட்டோரும் அவர்களுள் இருந்தனர். ஆகவே 1865 மார்ச்சில் போர்த்துறை, திறமைக்குச் சான்று காட்டி உரிமம் பெற்றோரே இத்தொழிலைச் செய்யலாம் என ஆணையிட்டது. 1894-இல் வர்ஜீனியா மாநிலம் இதற்கென உரிம வாரியம் அமைத்தது. உரிமம் பிறந்தது துயரத்தை வாணிகமாக்கியோரைத் தடுக்கவே எனலாம்.

நம் நாட்டின் சட்டமோ வேறு வழியில் வந்தது. எடின்பரோவில் 1828-இல், உடற்கூறு பயிற்றுவோருக்குப் பிணங்களை விற்பதற்காகப் பதினாறு பேர் கொல்லப்பட்டது வெளிப்பட்டது. அதன்பின் பிரிட்டன் 1832-இல் இயற்றிய சட்டம் உடற்கூறு ஆசிரியருக்கு உரிமமும் கண்காணிப்பாளரும் ஏற்படுத்தியது. ஆனால் உரிமை கோரப்படாத ஏழைகளின் சரீரங்களை ஆய்வறைக்கு அனுப்பவும் வழிதிறந்தது. அவ்வழியில் 1949-இல் பம்பாயும் 1951-இல் சென்னை மாநிலமும் உடற்கூறுச் சட்டம் இயற்றின.

இந்தியா முழுமைக்குமாகப் பதப்படுத்துவோருக்கென்று தனி உரிமச் சட்டம் இல்லை. பெரும்பாலும் மருத்துவக் கல்லூரிகளின் உடற்கூற்றியல், தடயவியல் துறையினரே இதைச் செய்து சான்றிதழ் தருகின்றனர். விமானத்தில் சரீரத்தை அனுப்ப அச்சான்றிதழ் தேவை. முதலமைச்சர் ஜெயலலிதா 2016 டிசம்பர் 5-இல் மறைந்தபின் சரீரத்தைப் பதப்படுத்திய மருத்துவப் பேராசிரியர், நீதிபதி ஆறுமுகசாமி ஆணையத்தின் முன் சாட்சியளித்தார். இப்பணி பின்னர் கணக்குக் கேட்கப்படத்தக்கது என்பதை அது காட்டிற்று. ஐயத்துக்குரிய மரணத்தில் பிரேதப் பரிசோதனைக்கு முன் பதப்படுத்தினால் தடயங்கள் கெடும். அன்றியும் இதில் பயன்படும் ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பது எனப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வகைப்படுத்தியது. ஆதலால் கண்காணிப்பு, மரித்தோரின் மதிப்பை மட்டுமன்றி, பணியாளரின் உயிரையும் காப்பதாகும்.

திருச்சபையின் கடமை யாது? பதப்படுத்துதல் உயிர்த்தெழுதலுக்கு உதவுவதுமன்று, தடையுமன்று. இதை விசுவாசிகளுக்குத் தெளிவாகப் போதிக்க வேண்டும். செலவு, சான்றிதழ் ஆகியவற்றில் துயருற்றோர் ஏமாற்றப்படாதபடி ஆயர் உடனிருக்க வேண்டும். உரிமை கோருவார் இல்லாத சரீரம் ஆய்வறைக்குச் செல்லலாம் என்பது சட்டம். அவ்வாறாயின், தன் எல்லைக்குள் மரித்த ஏழைக்காக முன்சென்று, "இவர் எங்கள் சகோதரர்" என்று சொல்ல வேண்டியவர் யார்? அரிமத்தியா ஊரானாகிய யோசேப்பு பிலாத்துவிடம் சென்று சரீரத்தைக் கேட்டார். அப்பணி இன்னும் முடிவுறவில்லை.