காசும் கேஷும்

தமிழின் பெருமையைப் பேசும் மேடைகளில் தவறாது இடம்பெறும் எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. ஆங்கிலத்தின் 'கேஷ்' என்னும் சொல் நம்முடைய 'காசு' என்பதிலிருந்து பிறந்தது என்பதே அது. கட்டுமரம் 'கேட்டமரான்' ஆனதுபோல இதுவும் ஐயத்துக்கு இடமற்றது என்றே நம்மில் பலர் கருதி வருகிறோம். இக்கூற்றில் பாதிதான் உண்மை. மறுபாதியைத் தேடிச் சென்றால் நமக்குக் கிடைப்பது, நாம் சொல்லிவரும் கதையைவிடச் சுவையான வரலாறு.

ஆங்கிலத்தில் 'கேஷ்' என்று இரு சொற்கள் உள்ளன. வடிவம் ஒன்று, பிறப்பு வேறு.

முதலாவது, இன்று உலகெங்கும் வழங்கும் 'ரொக்கப் பணம்' என்னும் பொருளுடையது. இதன் மூலம் இலத்தீன் மொழியின் 'கப்ஸா'. பெட்டி என்று பொருள். அது இத்தாலியத்தில் 'காஸ்ஸா' எனவும் பிரெஞ்சில் 'கேஸ்' எனவும் திரிந்தது. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்துள் நுழைந்தபோது பணப்பெட்டியைக் குறித்தது. பின்னர், பெட்டிக்குள் இருந்த பணத்துக்கே பெயராகிவிட்டது. இது நம் இலக்கணம் கூறும் இடவாகுபெயர் அன்றி வேறில்லை. 1599ஆம் ஆண்டளவில் எழுதப்பட்ட ஷேக்ஸ்பியரின் 'ஐந்தாம் ஹென்றி' நாடகத்திலேயே இச்சொல் ரொக்கம் என்னும் பொருளில் ஆளப்பட்டுள்ளது. 'காஷியர்', 'காப்ஸ்யூல்' ஆகியவையும் இக்குடும்பத்தைச் சேர்ந்தவையே.

இரண்டாவது 'கேஷ்', கீழை நாடுகளின் சிறு நாணயத்தைக் குறிப்பது. நம் காசு இங்குதான் வருகிறது. அள்ளூர் நன்முல்லையார் குறுந்தொகையின் 67ஆம் பாடலில், கிளியின் அலகிலுள்ள வேப்பம்பழத்துக்குப் பொற்காசை உவமையாக்கினார். இராசராசனின் தஞ்சைக் கல்வெட்டுகளோ, முதலாக வைத்த ஒரு காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி எனக் கணக்கிடுகின்றன. வெண்பாவின் ஈற்றுச்சீருக்கு வாய்பாடாகவும் நின்ற சொல் அது. வடமொழியின் 'கர்ஷ' என்னும் நிறைப்பெயரோடு அதற்குள்ள உறவு குறித்து அறிஞரிடையே ஒருமித்த கருத்து இல்லை.

போர்ச்சுகீசியர் இச்சொல்லைக் கேட்டுத் தம் மொழியில் 'கைஷா' என்றனர். அவர்கள் மொழியில் 'கைஷா' என்றால் பெட்டி. அதுவும் இலத்தீன் 'கப்ஸா'வின் வழிவந்ததே! இரு சொற்களும் உருவத்தில் ஒன்றாகிவிட்ட இடம் இதுவே. சாவகத்தின் சிறு நாணயங்களையும், நடுவே சதுரத் துளையிட்டுக் கயிற்றில் கோக்கப்பட்ட சீன நாணயங்களையும் ஐரோப்பியர் இப்பெயராலேயே அழைத்தனர். 1886இல் வெளிவந்த 'ஹாப்சன் ஜாப்சன்' அகராதி இந்த வழியைத் தெளிவாகவே விளக்குகிறது.

சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் கணக்கில் 80 காசு ஒரு பணம். 42 பணம் ஒரு வராகன். கம்பெனிக்காக இங்கிலாந்தில் அச்சிடப்பட்ட 1808ஆம் ஆண்டின் இருபது காசு நாணயத்தில் ஆங்கில எழுத்தில் 'கேஷ்' என்றும் பாரசீக எழுத்தில் 'காஸ்' என்றும் பொறித்தனர். நம் மண்ணின் சொல், வேற்றுமொழி எழுத்துகளைத் தாங்கி நம்மிடமே விலைப்பட வந்தது. திருவிதாங்கூரிலோ, 16 காசு ஒரு சக்கரம் என்னும் கணக்கு 1949 வரை நீடித்தது.

ஒலி ஒப்புமை ஒன்றையே சான்றாகக் கொள்வது வேர்ச்சொல் ஆய்வு ஆகாது. ஒரு சொல் எவர் நாவில், எந்த வழியில், எந்தப் பொருளோடு பயணம் செய்தது என்பதையும் காட்ட வேண்டும். ரொக்கத்தைக் குறிக்கும் 'கேஷ்' நம்முடையது அன்று என ஒப்புக்கொள்வதால் தமிழுக்கு இழுக்கு ஏதுமில்லை. மாறாக, அப்பொய்யுறவை வற்புறுத்தும்போது நம் காசு உண்மையாகவே கடல்கடந்து சாவகத்திலும் சீனத்திலும் பெயராகி நின்ற வரலாறு கண்ணுக்குப் படாமல் போகிறது. நம் மாணவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியது அந்த வரலாற்றைத்தான்.